சுண்டு விரல் போகும் இடம்

பீடோர் தோட்டத்துக்கு, அப்பாவிடமே திரும்பிப் போவதா, ஈப்போ நகரத்திலேயே தங்குவதா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். விடிந்ததிலிருந்து நவமணிக்குப் பசியே எடுக்கவில்லை.

சிக்கந்தர் பாயின் தட்டச்சுக் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. விற்பனைக்காரர் 'ஓட்டிப் பாருங்கள்' என்று விட்டுவிட்டுப் போன மெஷின் அது. இன்று மாலை அவர் வருவார். வைத்துக்கொள்கிறீர்களா, எடுத்துப் போகட்டுமா என்று கேட்பார். பாய் வைத்துக்கொண்டால் நவமணிக்கு நிரந்தர வேலை. எடுத்துப் போகச் சொன்னால், அந்த மெஷினுக்காகவே தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட அவளும் கிளம்ப வேண்டியதுதான். வேலை நிலைத்தால் அண்ணன் வீட்டில் இரு, இல்லையென்றால் வந்து சேர் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட தோட்டத்தில், நாற்றங்கால் வேலை அவளுக்காகக் காத்திருந்தது.

இதில் இன்னொரு முள்ளும் இருந்தது. ராஜு அண்ணனின் மனைவி மாரியம்மா அதே கடையில் பல வருடமாக டைப்பிஸ்ட். இந்த மெஷின் இரண்டு ஆள் வேலையைச் செய்யும் போலிருக்கிறதே என்று பாய் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணி நவமணியிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். புந்தோங்கில் இருந்த அண்ணன் வீட்டில் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே, "உங்க தங்கச்சிய ரசம் ஊத்திக்கச் சொல்லுங்க" என்பாள் அண்ணனிடம். அவனும், "ஊத்திக்கவாம்" என்று தங்கைக்குச் சொல்லுவான். அந்த வீட்டுத் தபால்காரனாகவே ஆகிவிட்டான் பாவம்.

அன்று விஜயதசமி. முதல் நாள் சரஸ்வதி பூஜைக்காக மெஷின்களை எல்லாம் மூடி வைத்திருந்தார்கள். பாய் தொழுகை தவறாதவர்தான். ஆனாலும் வருடா வருடம் அந்த ஒருநாள் கடையை இவர்களிடம் விட்டுவிடுவார். டைப்ரைட்டர் ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம், கதம்பம். சூடத்தைக் காகிதக் கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள் என்பார், அவ்வளவுதான். இந்த வருடம் இன்னொன்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார்: கம்ப்யூட்டர்மேல் ஒரு சொட்டு ஈரம் படக் கூடாது.

பூஜைச் சாமான்களை எடுத்து வைப்பதற்காக மாரியம்மா காலையில் முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டாள். நவமணி கடைக்குள் நுழைந்தபோது, அண்ணி கம்ப்யூட்டர் மேசைமேல் குனிந்து எதையோ கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தாள். கைக்குட்டையைச் சுருட்டிக் கைக்குள் மறைத்தாள். தன் டைப்ரைட்டருக்குப் போய் உறையை உருவினாள்.

என்னவென்று நவமணி கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. கோப்பெங் பக்கத்திலிருந்த பழைய ரப்பர் தோட்டத்து மக்களின் மனுவை அன்று மூன்று மணிக்கு முடித்துக் கொடுத்தாக வேண்டும். தோட்டம் கைமாறிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் தங்களுக்கு வீட்டுமனை கேட்டு எழுதிய மனு அது. ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் அதில் இருந்தது. மலாயில் நாற்பது பக்கத்துக்குக் குறையாது. கமிட்டியின் செயலாளர் ராமையா மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு, நில அலுவலகம் மூடுவதற்குள் ஓடிப்போய்க் கொடுப்பதாக ஏற்பாடு. டைப்ரைட்டரில் அடித்தால் முடியாது, கம்ப்யூட்டரில் முடியும் என்று பாயிடம் அடித்துச் சொன்னவள் நவமணிதான்.

அப்படிச் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. விற்பனைக்காரர் அனுப்பிய ஆள் அம்புக்குறி விசைகளை மட்டுமே காட்டிக் கொடுத்திருந்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போவது, லயத்துக் கோடியிலிருந்து ஆபீஸ் வாசலுக்கு நடந்து போகிற மாதிரி. நவமணி அதற்குள் குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்துவிட்டாள். இடது கைச் சுண்டு விரலால் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொள்ள வேண்டும். பிறகு கியூ, சி என்று தட்டினால் மனுவின் கடைசி வரிக்கே தாவிவிடலாம். கண்ட்ரோலோடு ஒய் தட்டினால் ஒரு முழு வரி காணாமல் போகும். கே, எஸ் என்றால் அதுவரை அடித்ததெல்லாம் பிளாப்பியில் பத்திரமாகும். கையைத் தூக்காமல், கண்ணைத் திருப்பாமல் எல்லாம் நடக்கும். அந்தச் சுண்டு விரல் ஒன்றுக்குத்தான் ஓய்வே கிடையாது.

மனுவில் கடைசிச் சில பக்கங்கள்தான் பாக்கி. அவள் கோப்பைத் திறந்தாள். கண்ட்ரோல், கியூ, சி. கடைசி வரிக்குப் போனாள். ராமையாவின் கையெழுத்துப் படியை நிமிர்த்தி வைத்து அடிக்கத் தொடங்கினாள்.

தட்டச்சு படித்தவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது, கண் படியை விட்டு நகரக் கூடாது என்பதுதான். விரல் தன் பாட்டுக்குப் போகும், எழுத்து தன் பாட்டுக்கு விழும். திரும்பிப் பார்ப்பது புதுசாகப் படிக்கிறவர்கள் செய்கிற வேலை. நவமணி நல்ல மாணவி. ஒரு பக்கம் முழுவதையும் அப்படியே அடித்தாள். கம்ப்யூட்டர் இடையிடையே 'பீப்' என்று முனகியிருக்க வேண்டும். பக்கத்தில் அண்ணியின் டைப்ரைட்டர் போட்ட போட்டில் அது காதில் விழவில்லை. பக்கம் முடிந்ததும் வழக்கப்படி கே, எஸ் தட்டினாள். பிளாப்பி டிரைவில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. படியைப் புரட்டிவிட்டுத்தான் திரையைப் பார்த்தாள்.

அவள் அடித்த பக்கம் அங்கே இல்லை.

அதற்கு முந்திய பக்கமும் இல்லை. இரண்டு வரி இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை, பிறகு பாதிச் சொல் ஒன்று தனியாக நின்றது. மேலே போய்ப் பார்த்தாள். கருப்பம்மாள் என்ற கிழவியின் குடும்பம் அப்படியே போயிருந்தது. பிச்சைமுத்துவின் குடும்பத்தில் அவர் பெயர் மட்டும் மிச்சம். யாரோ ஒருவர் இரவில் வந்து வீடு வீடாக இடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

இத்தனைக்கும் பிறகு அதை அவளே பத்திரமாகச் சேமித்தும் வைத்திருக்கிறாள்.

பாய் பேங்குக்குப் போயிருந்தார். காலையில் கைக்குட்டையோடு குனிந்து நின்ற அண்ணியின் உருவம் அவள் கண்முன் வந்தது. வேண்டாம் என்று தள்ளினாள். அது போகவில்லை.

"அண்ணி, காலையில இதைத் தொட்டீங்களா?"

அண்ணியின் டைப்ரைட்டர் நின்றது.

"தொட்டேன்."

இரண்டு வாரத்தில் அவள் நேராகச் சொன்ன முதல் சொல் அதுதான்.

"என்ன செஞ்சீங்க?"

"துடைச்சேன்."

"எதைத் துடைச்சீங்க? இங்க பாருங்க, மனு பாதி இல்ல. என் வேலை போனா உங்க நாற்காலி நிக்கும்னு நெனச்சீங்களா?"

சொன்ன பிறகுதான், அதைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. மாரியம்மாவின் முகம் மாறியது. ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை. எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். திரையைப் பார்க்கவில்லை. குனிந்து விசைப்பலகையைப் பார்த்தாள்.

"விரலை எடு."

"எடுத்துட்டேன்."

"பின்ன ஏன் அந்தக் கட்டை கீழேயே கிடக்கு?"

நவமணி பார்த்தாள். இடது ஓரத்தில், கண்ட்ரோல் விசை அழுந்தியபடியே கிடந்தது. அவள் காலையில் ஒருமுறை அழுத்தியது திரும்பி எழவே இல்லை. அப்படியென்றால், அதற்குப் பிறகு அவள் அடித்த எதுவுமே எழுத்தாக விழவில்லை. எல்லாம் கட்டளையாகப் போயிருக்கிறது. மலாயில் வரிக்கொரு தடவையாவது 'யாங்' என்ற சொல் வரும். அதன் முதல் எழுத்தான ஒய்யை அவள் தட்டிய ஒவ்வொரு தடவையும் ஒரு வரி செத்திருக்கிறது. மற்ற எழுத்துகள் அவளை மேலே ஏற்றி, கீழே இறக்கி, புதுப்புது இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன. தன் கையாலேயே, நல்ல வேகத்தில், ஒரு தப்பும் இல்லாமல் மனுவை அழித்திருக்கிறாள்.

அந்த விசையின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. மோந்து பார்க்கத் தேவையில்லை.

"சந்தனம்," என்றாள் நவமணி.

அண்ணி அந்தக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"டைப்ரைட்டருக்கெல்லாம் நெத்தி இருக்கு, நேத்து பொட்டு வெச்சேன். இதுக்கு எங்க வெக்கிறதுன்னு தெரியல. உன் சுண்டு விரல் எப்பப் பார்த்தாலும் அங்கதான் போவுது. இதுக்கு உசிரு அங்கதான் இருக்குன்னு நெனச்சிக்கிட்டேன். உன் மெஷினாச்சேன்னு நல்லாப் பெருசாவே வெச்சேன்." அவள் குரல் இறங்கியது. "காலையில வந்து பார்த்தா பாய் சொன்னது ஞாபகம் வந்துச்சு. அவரு வர்றதுக்குள்ள ஈரத் துணியால துடைச்சேன். உள்ள எறங்கிருச்சு போல."

நவமணிக்கு அழுகை வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டதில் விக்கல் எடுத்தது.

"தண்ணி குடி," என்றாள் அண்ணி. "நான் அடைச்சத நானே எடுக்கிறேன்."

டைப்ரைட்டர் எழுத்துகளில் படியும் மையைச் சுரண்ட அவர்கள் வைத்திருந்த ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியும் அலமாரியில் இருந்தன. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அண்ணி தலையிலிருந்து ஹேர்பின் ஒன்றை உருவி, விசையின் மூடியை நெம்பித் தூக்கினாள். கீழே சந்தனம் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி பிடித்திருந்தது. சுரண்டினாள், ஸ்பிரிட்டில் தோய்த்துத் தேய்த்தாள், ஊதினாள். மூடியைத் திரும்பப் பொருத்தி விரலால் தட்டினாள். விசை இறங்கி, துள்ளி எழுந்தது.

"எழுந்திருச்சி லா," என்றாள்.

விசை எழுந்துவிட்டது. மனு எழவில்லையே. மெஷினைத் திரும்பப் போட்டுவிட்டு நவமணி வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அவள் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த மாதிரி நேரத்தில் யாராவது ஜன்னலைத் திறந்து வெளியே பனி விழுவதைப் பார்ப்பார்கள். இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கடையின் கோழிச்சோற்று வாசனைதான் வரும். மூன்று மணிக்கு ராமையா வந்து நிற்பார். அவருக்குப் பின்னால் பாய், பாய்க்குப் பின்னால் விற்பனைக்காரர், அவருக்கும் பின்னால் பீடோர் பஸ்.

வேறு செய்வதற்கு ஒன்றும் தோன்றாததால் பிளாப்பியில் இருக்கும் கோப்புகளின் பெயர்களைத் திரையில் கொண்டுவந்தாள். மனுவின் பெயர் இருந்தது. அதன் கீழேயே அதே பெயர் இன்னொரு தடவை, வேறு வால் ஒட்டிக்கொண்டு நின்றது. இத்தனை நாளும் அதைப் பார்த்திருக்கிறாள், ஏதோ குப்பை என்று நினைத்து விட்டிருக்கிறாள். இன்று அதன் அளவைப் பார்த்தாள். மேலே இருந்ததைவிட அது மிகப் பெரியது.

அவள் முதுகு நிமிர்ந்தது.

இந்தப் புரோகிராம் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் முந்தியதைத் தூக்கி எறிவதில்லை. பக்கத்தில் ஒதுக்கி வைக்கிறது. அடுத்த தடவை சேமித்தால்தான் அது போகும். அவள் காலையில் ஒரே ஒரு தடவைதான் சேமித்தாள். இரண்டாவது பக்கத்தையும் கண்ணை எடுக்காமல் அடித்து, இன்னொரு கே எஸ் போட்டிருந்தால்?

அந்தக் கோப்புக்கு வேறு பெயர் கொடுத்துத் திறந்தாள். அண்ணி அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிளாப்பி டிரைவ் முனகியது. பிறகு திரை நிரம்பியது. கருப்பம்மாள் இருந்தாள். பிச்சைமுத்து குடும்பத்தோடு இருந்தார். கடைசி வரி வரைக்கும் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள்.

மாரியம்மா நாற்காலியை விட்டாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டாள். "நீ பேசின பேச்சுக்கு வீட்டுல வெச்சி வாங்குவே," என்றாள். திட்டு அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று நவமணி நினைத்ததே இல்லை. தான் பேசியது தப்பு என்று சொன்னாள். வேலையைப் பார் என்று பதில் வந்தது.

இழந்தது காலையில் அடித்த ஒரு பக்கம் மட்டும்தான். அதையும் மிச்சத்தையும் அடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வரிக்கொரு முறை திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அடித்தாள்.

ராமையா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை. வந்தவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். மனுவில் தோட்டத்துக்குப் புது முதலாளி வைத்த பெயரைப் போட்டுவிட்டார்களாம். நிலப் பதிவில் பழைய பெயர்தான் இருக்கிறதாம். பழைய பெயர் இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள் என்று விவரம் தெரிந்தவர் ஒருவர் அன்று காலையில்தான் சொன்னாராம்.

பேங்கிலிருந்து திரும்பியிருந்த பாய் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "எல்லாப் பக்கத்திலயும் அந்தப் பேரு இருக்கே ராமையா. சூசா, ரொம்பக் கஷ்டம்."

அண்ணி நவமணியைப் பார்த்தாள். டைப்ரைட்டராக இருந்தால் நாற்பது பக்கமும் மறுபடி முதலிலிருந்து.

நவமணி சுண்டு விரலைக் கண்ட்ரோலில் வைத்தாள். வைத்ததும், விரலை எடுத்து விசை எழுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கண்ட்ரோல், கியூ, ஏ. எதைத் தேட வேண்டும் என்று கேட்டது. புதுப் பெயரை அடித்தாள். என்னவாக மாற்ற வேண்டும் என்று கேட்டது. பழைய பெயரை அடித்தாள். திரை படபடவென்று ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் உட்கார்ந்தது. ராமையா நாற்காலியைத் தேடி உட்காருவதற்குள் ஓட்டம் நின்றுவிட்டது.

"எப்ப ஆரம்பிப்பீங்க தங்கச்சி?" என்று கேட்டார் அவர்.

"முடிஞ்சிருச்சி அண்ணே. படிச்சிப் பாருங்க."

அவர் நம்பவில்லை. அச்சுப்பொறி கிர்ர் கிர்ர் என்று பக்கங்களைத் தள்ளத் தள்ள, ஒவ்வொன்றாக எடுத்து விரல் வைத்துப் படித்தார். கடைசிப் பக்கம் வந்தபோது எழுந்து, அந்தக் காகிதக் கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். படியில் இறங்கி ஓடினார். போன வேகத்தில் குடையை விட்டுவிட்டுப் போனார்.

விற்பனைக்காரர் வந்தபோது பாய் அவருக்குப் பாலில்லாத தே ஓ வாங்கிவரச் சொன்னார். மெஷினைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நவமணி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும் லா. இது இங்கயே இருக்கட்டும்," என்றார் பாய். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் இதுக்குப் பூ மட்டும் வைங்க. கடைக்குள்ள நுழையும்போதே ஸ்பிரிட் வாசனையும் சந்தன வாசனையும் சேர்ந்து அடிச்சிச்சி. கேட்டா நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டப் பொய் சொல்ல வேண்டி வரும். எதுக்குன்னு நான் கேக்கல."

வெளியே வந்தபோது நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. சுண்ணாம்புக் குன்றுகள் கழுவிவிட்ட மாதிரி தெரிந்தன. புந்தோங் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அப்பாவுக்கு என்ன எழுதுவது என்று நவமணி மனதுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தாள். தூரதேசத்து நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட நிம்மதி.

"மணி," என்றாள் அண்ணி. "என் டைப்ரைட்டரை வித்தாச்சி."

நவமணி திரும்பினாள்.

"பாய் நேத்தே எங்கிட்டச் சொன்னாரு. யாரோ கேட்டாங்களாம், ஆளு பேரு சொல்லல. நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்களாம். நான் அவர்கிட்ட ஒரு வாரம் டைம் கேட்டேன். கம்ப்யூட்டர் இங்க நின்னு, அதுக்குள்ள நானும் கத்துக்கிட்டா, காலையில நீ, மத்தியானம் நான். சரின்னாரு."

"அப்ப நீங்களும் இது நிக்கணும்னுதான் இருந்தீங்களா?"

"பின்ன? ரெண்டு வாரமா உன் விரலைப் பார்த்துக்கிட்டேதான இருக்கேன். கேக்கத்தான் வெக்கமா இருந்துச்சி. நாத்தனார்கிட்டப் போயி அஆன்னு ஆரம்பிக்கணுமேன்னு." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். "அண்ணன்கிட்ட இப்பச் சொல்லாத. அவரு வேலையை விட்டுட்டு வீட்டுல இருன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்காரு. கத்துக்கிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்."

நவமணி அவள் இடது கையைப் பிடித்து, மடியிலிருந்த பையின்மேல் வைத்தாள். சுண்டு விரலை அழுத்திக் காட்டினாள். இது கண்ட்ரோல். அழுத்திக்கிட்டே இருங்க. இப்ப கே. இப்ப எஸ். மாரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள், நவமணி எடுத்துச் சொல்லாமலே அண்ணி தட்டினாள். கண்டக்டர் இவர்களைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

வீட்டில் ராஜு முன்னதாகவே வந்திருந்தான். அந்த நேரத்துக்கு அவன் வருவதே கிடையாது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்வை வழிய, ஜன்னலோரத்தில் ஒரு மேசையை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தான். மேசைக்குப் புது பிளாஸ்டிக் விரிப்பு. தலைக்கு மேலே புது விளக்கு ஒன்று தொங்கியது. அவனே மாட்டியிருக்க வேண்டும், கோணலாக இருந்தது.

மனைவியையும் தங்கையையும் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"உன் மெஷினை யாரு வாங்கினான்னு பாய் சொன்னாரா மாரி?"

மாரியம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"நான்தான். பேரைச் சொல்லாதீங்க பாய்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். இனிமே நீ பஸ்ஸுல நசுங்க வேணாம், யார்கிட்டயும் கைகட்டி நிக்க வேணாம். வீட்டுலயே ஒக்காந்து அடி. நாளைக்குக் காலையில நானே போயித் தூக்கிட்டு வாரேன்."

மாரியம்மா வாசற்படியிலேயே நின்றாள். அவள் இடது கைச் சுண்டு விரல் இன்னும் பையின்மேல் அழுந்தியிருந்தது.

"வந்து ஒக்காந்து பாரு," என்றான் ராஜு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே. "உயரம் சரியா இருக்கா?"